உச்சிவெயிலும் ஒரு சாண் கூரையும்

நுழையும்முன்

குளிர்நாடுகளில், வீட்டைச் சூடாக்கும் செலவை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கும் கட்டட முறைகள் வளர்ந்துள்ளன. வெயில் மிகுந்த நம் கரிசல் நிலத்திற்கு அவற்றில் பாடம் ஏதேனும் உண்டா? ஊர்ப்புறத்துச் சிறிய வீடுகளை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

சித்திரை பிறக்கும் நாள்களில் குமாரலிங்கபுரத்தில் நண்பகல் நிழல் காணாமற்போகும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்பதரை டிகிரி வடக்கே அமைந்துள்ளது. ஆகவே, ஏப்ரல் மாதத்தின் நடுவில் கதிரவன் அங்குத் தலைக்கு நேர்மேலே வந்து நிற்கும். மனிதனின் நிழல் அவன் காலடிக்குள் ஒடுங்கும். வேம்பின் நிழல் அதன் தூரைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும். பருத்திமார் பிடுங்கப்பட்ட கரிசல்காடு வெடித்துப் பிளந்திருக்கும். அந்தக் கருமண் பகலெல்லாம் வெயிலை விழுங்கி, பொழுது சாய்ந்தபின் சிறிது சிறிதாக வெளியே விடும்.

அந்நாள்களில் இரவு பத்து மணிக்குமேல் அவ்வூர்த் தெருவில் நடந்தால் இருபுறமும் கட்டில்களைக் காணலாம். நார்க்கட்டில், இரும்புக் கட்டில், அதுவும் இல்லாதோர்க்குத் தரையில் விரித்த பாய். அவர்கள் வீடற்றவர்கள் அல்லர். பின்னால் நிற்கும் வீடுகள் பெரும்பாலும் கான்கிரீட் தளம் போட்டவை. உள்ளே மின்விசிறி உண்டு. சில வீடுகளில் அது ஆளில்லாமலே சுழன்றுகொண்டிருக்கும். வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டிய வீட்டைப் பூட்டாமல் திறந்துபோட்டுவிட்டு, அதன் வாசலில் மக்கள் உறங்குகின்றனர்.

என் அம்மாச்சி எழுபது ஆண்டுகளைப் பனையோலை வேய்ந்த மண்வீட்டில் கழித்தவர். அரசின் உதவியும் பிள்ளைகள் சேர்த்த பணமுமாக அவருக்குத் தளம் போட்ட வீடு ஒன்று அமைந்தது. ஊரில் அதற்குக் காரை வீடு என்று பெயர். காரை வீட்டுக்காரர் என்பது மதிப்பிற்குரிய சொல். நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தபோது அவருடைய கைகள் நடுங்கியதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால், முதற்கோடையிலேயே அவர் கட்டிலை வாசலுக்கு இழுத்துவிட்டார். உள்ளே வந்து படுக்குமாறு அழைத்த என்னிடம், “பகலெல்லாம் காஞ்ச தோசைக்கல்லுக்கு அடியில படுக்கச் சொல்றியாய்யா?” என்று கேட்டார். அப்போது நான் பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

இப்போது எனக்குத் தோன்றும் விடை இது. எளியவர் வீட்டுக் கூரையை நாம் மூன்று கேள்விகளால் அளந்துவந்திருக்கிறோம்: எரியுமா, ஒழுகுமா, இடியுமா? வெயிலை எவ்வளவு உள்ளே விடும் என்ற நான்காவது கேள்வியை வீடு கொடுத்தவர்களும் கேட்கவில்லை, வாங்கியவர்களும் கேட்கவில்லை, கட்டிய கொத்தனாரும் கேட்கவில்லை. கேளாமல் விட்டதற்கான விலையை அவ்வீட்டில் வாழ்வோர் ஆண்டுதோறும் மின்கட்டணமாகச் செலுத்துகின்றனர். பணம் இல்லாதவர்கள் தூக்கமாகச் செலுத்துகின்றனர்.

இதனால் ஓலைக்குடிசைக்குத் திரும்புவோம் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டா. குடிசையைப் புகழ்வோரில் பெரும்பாலோர் அதில் ஒரு மழைக்காலத்தைக் கழித்தவர் அல்லர். ஐப்பசி மழையில் ஒழுகும் இடந்தோறும் சட்டி வைத்து, தூங்கும் குழந்தையை மூலைக்கு மூலை மாற்றிப் படுக்கவைத்த தாயைக் கேட்டால் உண்மை தெரியும். ஓர் அடுப்புப் பொறி ஒரு தெருவையே சாம்பலாக்கியதுண்டு. கூரைக்குள் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓலை மாற்றக் கடன் வாங்க வேண்டும். இவற்றோடு, குடிசையில் வாழ்பவர் என்ற இழிவும் சேர்ந்திருந்தது. ஆகவே, 2010-ஆம் ஆண்டில் தமிழகக் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் திட்டம் தொடங்கப்பட்டபோது மக்கள் அதை வரவேற்றதில் வியப்பில்லை. கான்கிரீட் தளம் அவர்களுக்குப் பாதுகாப்பாகவும் தன்மதிப்பாகவும் இருந்தது, இன்றும் இருக்கிறது. குறை, தளம் போட்டதில் இல்லை. தளத்தோடு வேலை முடிந்தது என்று எண்ணியதில் இருக்கிறது.

தோசைக்கல்லின் இயற்பியல்

வெப்பம் கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்னும் மூன்று வழிகளில் பரவும் என்பதை நீங்கள் கீழ்வகுப்பிலேயே படித்துவிட்டீர்கள். கரிசல் காட்டு வீடு ஒன்றில் இம்மூன்றும் ஒரே நாளில் அரங்கேறுவதைக் காணலாம்.

முந்நூறு சதுர அடித் தளம் என்பது ஏறத்தாழ 28 சதுர மீட்டர். தெளிந்த வானமுள்ள சித்திரை நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் கதிரவ ஆற்றல் கிட்டத்தட்ட 900 வாட்டைத் தொடும். கணக்கிட்டுப் பாருங்கள்: அச்சிறு வீட்டின் தலைமேல் 25 கிலோவாட் ஆற்றல் பொழிகிறது. 75 வாட் மின்விசிறிகள் 330 ஐ ஒரே நேரத்தில் சுழற்றப் போதுமான ஆற்றல் அது. பூச்சில்லாத, பழுத்துக் கறுத்த தளம் அதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டு அறுபது டிகிரி செல்சியஸை நெருங்கிவிடும். வெறுங்காலுடன் மாடியில் வற்றல் எடுக்க ஓடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஏற்ற வெப்பத்தைக் கான்கிரீட் கீழே கடத்துகிறது. அதன் வெப்பக் கடத்துத்திறன், மீட்டர் கெல்வினுக்கு வாட் என்னும் அலகில், ஏறத்தாழ 1.6. சுட்ட செங்கல்லுக்கு அது 0.8 அளவில் இருக்கும். ஓலையும் வைக்கோலும் வேய்ந்த கூரைக்கு 0.07 மட்டுமே, ஓலைகளின் இடுக்குகளில் சிறைப்பட்டு அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. ஒரு சாண் கனமுள்ள கூரை, அதாவது ஏறத்தாழ 22 சென்டிமீட்டர், வெப்பக் கடத்தலுக்குக் காட்டும் தடையைக் கான்கிரீட்டால் பெற வேண்டுமானால் அத்தளத்தின் கனம் ஐந்து மீட்டர் இருக்க வேண்டும்! நாம் போடுவதோ நான்கைந்து அங்குலம். அம்மாச்சி இழந்தது என்ன என்பதை இந்த ஒரு கணக்கு காட்டிவிடுகிறது.

இதற்குமேல் ஒரு சிக்கலும் உண்டு. கான்கிரீட் கனமான பொருள். வெப்பத்தைச் சேமித்து வைக்கும். உச்சிவேளையில் மேற்புறம் வாங்கிய வெப்பம் சில மணி நேரம் தாழ்த்தியே அடிப்புறத்தை அடைகிறது. அதாவது, வெளியே மாலைக் காற்று குளிரத் தொடங்கும் வேளையில், வேலை முடிந்து மக்கள் வீடு திரும்பும் அதே வேளையில், கூரையின் அடிப்புறம் தன் உச்ச வெப்பத்தை எட்டுகிறது. நம் தோலைவிடச் சூடான பரப்பு ஒன்று தலைக்குமேல் விரிந்திருந்தால் அது நம்மை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசும். மின்விசிறி அக்கதிர்வீச்சைத் தடுப்பதில்லை; அறையிலிருந்து வெப்பத்தை வெளியேற்றுவதும் இல்லை. கூரையை ஒட்டித் தேங்கிய சூடான காற்றைக் கீழே தள்ளுகிறது. வியர்வை உலர்வதால் சிறிது ஆறுதல் கிடைக்கிறது. தோசைக்கல் உவமை பிழையில்லாதது.

2016-ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. பழைய வகை 75 வாட் மின்விசிறி ஒன்று இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்தில் 108 யூனிட்டை உண்ணும். ஒரே ஒரு விசிறி! அரசு ஒரு கையால் கொடுக்கும் சலுகையை அதே அரசின் உதவியால் எழுந்த தளம் மறு கையால் வாங்கிக்கொள்கிறது என்றால் அது மிகையாகாது.

குளிர்நாட்டார் போட்ட கணக்கு

நம்மைப்போலவே, ஆனால் எதிர்த்திசையில், இச்சிக்கலைச் சந்தித்தவர்கள் உண்டு. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரைச் சேர்ந்த கிரானிக்ஸ்டைன் பகுதியில் 1991-ஆம் ஆண்டு நான்கு குடும்பங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய நான்கு வீடுகளில் குடியேறின. பார்வைக்கு அவை எளிய வரிசை வீடுகள். வொல்ஃப்காங் ஃபைஸ்ட் என்னும் ஜெர்மானிய இயற்பியலாளரும் போ ஆடம்சன் என்னும் சுவீடன் நாட்டுப் பேராசிரியரும் வளர்த்தெடுத்த கருத்தின் முதல் வடிவம் அவை. கூரையில் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர், சுவரில் 27 சென்டிமீட்டருக்கும் மேலான கனத்தில் வெப்பம் கடத்தாப் பொருள். சாளரங்களில் மூன்றடுக்குக் கண்ணாடி. காற்று கசியும் இடுக்குகள் அடைக்கப்பட்டன. வெளியேறும் பழைய காற்றின் வெப்பத்தைப் பிடித்து உள்ளே வரும் புதிய காற்றுக்கு ஏற்றும் கருவி ஒன்று. குடியிருப்போரின் உடல்வெப்பம், அடுப்பு, விளக்கு, சாளரத்தின் வழியே நுழையும் வெயில் ஆகியவையே அறையைப் பெருமளவு வெதுவெதுப்பாக வைத்தன. இம்முறைக்குப் பாசிவ்ஹவுஸ் என்று பெயர்.

இம்முறையில் கட்டப்படும் வீட்டைச் சூடாக்க ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 15 யூனிட்டுக்குமேல் ஆற்றல் தேவைப்படக் கூடாது என்பது விதி. நீர் உறையும் குளிர்காலம் முழுவதற்கும் ஒரு சதுர மீட்டருக்கு ஒன்றரை லிட்டர் எண்ணெயின் ஆற்றல் போதும் என்பது இதன் பொருள். முப்பத்து மூன்று சதுர மீட்டர் பரப்புள்ள வீடானால் ஓர் ஆண்டுக்கு 500 யூனிட். நம் ஊர் மின்விசிறி ஒன்று ஆண்டெல்லாம் ஓடினால் 650 யூனிட்டைத் தாண்டும்.

ஜெர்மனி செல்வநாடு, அது செய்யும் என்று தள்ளிவிட முடியாது. நம் நாட்டிலேயே லடாக்கில், லே நகருக்கு அருகில் ஃபே என்னும் ஊரில் செக்மால் என்ற கல்வி நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. அதன் கட்டடங்கள் பெரும்பாலும் மண்ணால் ஆனவை. தெற்கு நோக்கிய கண்ணாடிப் பரப்புகள் தாழ்ந்து வரும் குளிர்காலக் கதிரவனை உள்ளே அழைக்கின்றன. கனத்த மண்சுவர்கள் அவ்வெப்பத்தைச் சேமித்து இரவில் தருகின்றன. வெளியே உறைநிலைக்கும் பல டிகிரி கீழே குளிர் இறங்கும்போதும் அங்கே மாணவர்கள் விறகையோ எண்ணெயையோ நம்பி இருப்பதில்லை.

இவ்விரண்டு இடங்களிலும் நான் காணும் பொதுத்தன்மை கருவியிலோ பொருளிலோ இல்லை, எண்ணத்தில் இருக்கிறது. மாதந்தோறும் எரிபொருளுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை, கட்டும்போதே ஒருமுறை கூரைக்கும் சுவருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். எரிபொருள் எரிந்து தீர்ந்துவிடும். கூரையில் இட்ட காப்பு அடுத்த தலைமுறைக்கும் வேலை செய்யும்.

ஆனால், படியெடுப்பதில் எச்சரிக்கை வேண்டும். டார்ம்ஸ்டாட்டில் கதிரவன் விருந்தினன். தெற்குச் சாளரத்தைத் திறந்து வரவேற்கிறார்கள். இங்கே அவன் அழையாமலே உச்சியில் வந்து அமர்ந்துகொள்கிறான். அங்குச் சுவர், சாளரம், கூரை எல்லாவற்றின் வழியாகவும் வீடு வெப்பத்தை இழக்கிறது. இங்கு முதன்மையான எதிரி தலைக்குமேல் இருக்கிறது. அடுத்து, காலையிலும் மாலையிலும் சாய்கதிர் தாக்கும் கிழக்கு, மேற்குச் சுவர்கள். நம் சிற்றூர்களிலும் இன்று மேற்கே பார்த்து முகப்பு முழுவதும் கண்ணாடி பதித்த கடைகள் எழுகின்றன. குளிர்நாட்டார் வெப்பத்தைப் பிடிக்க வைத்த பொறியை நாம் அழகு என்று கருதி வாங்கி மாட்டிக்கொண்டு, பிறகு அதைக் குளிர்விக்கக் குளிரூட்டியும் வாங்குகிறோம். திரை வாங்கும் செலவு தனி.

கூரை அறிந்தவர்கள்

பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடையை நீங்கள் அறிவீர்கள். வாடை வீசும் கூதிர்க்காலத்தை நக்கீரர் அதில் பாடுகிறார். வேனிற்காலத்தில் தென்றலைக் கொணரும் சாளரங்கள் தாழிடப்படுகின்றன. பயன்படாத விசிறி சுருக்கப்பட்டுச் சிலந்திநூல் படிந்து தொங்குகிறது. மக்கள் நெருப்பிட்ட தடவில் குளிர்காய்கின்றனர். எந்தப் பருவத்தில் எந்தச் சாளரத்தைத் திறப்பது, எதை அடைப்பது என்ற தெளிவு அன்றைய வீட்டுக்கு இருந்தது. அரண்மனை எழுப்புவோர், நிழல் ஒரு பக்கமும் சாயாத நண்பகலில் கோல் நட்டுத் திசை கணித்ததையும் அப்பாடல் கூறுகிறது. குமாரலிங்கபுரத்தின் சித்திரை நண்பகல் கட்டடக்கலைஞருக்கு அன்று அளவுகோலாக இருந்திருக்கிறது. இன்று நாம் அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை.

பிற்காலத்து வீடுகளிலும் கூரை பற்றிய அறிவு தொடர்ந்தது. மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தளத்தை எடுத்துக்கொள்வோம். தேக்கு உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வரிசையில் குத்துவாட்டாகச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்துவர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவர். முடிவில் தட்டோடு பதிப்பர். இன்றைய தளத்தைப்போல் இருமடங்குக் கனம் கொண்ட அக்கூரை வெப்பத்தைக் கான்கிரீட்டைவிட மெதுவாகவே கடத்தியது. தளத்தின்மேல் மண்சட்டிகளை நெருக்கமாகக் கவிழ்த்து, இடைவெளிகளைச் சாந்தால் நிரப்பி, மேலே ஓடு பதிக்கும் முறையும் தமிழகத்தில் உண்டு. ஒவ்வொரு சட்டியும் ஒரு குவளைக் காற்றைச் சிறைபிடிக்கிறது. டார்ம்ஸ்டாட்டில் பஞ்சுபோன்ற கனிமக் கம்பளி செய்யும் வேலையை இங்கே குயவர் செய்த சட்டி செய்கிறது.

கேரளத்தைத் தம் ஊராக்கிக்கொண்ட ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் (1917 - 2007) இவ்வறிவை எளியவர்களின் வீட்டுக்குக் கொண்டுவந்தார். செங்கல்லைப் படுக்கவைக்காமல் குத்துவாட்டில் நிறுத்தி, சுவரின் நடுவே காற்றுக்கு இடம்விட்டுக் கட்டுவது அவர் பரப்பிய முறை. எலிப்பொறிக் கட்டுமானம் என்பது அதன் பெயர். செங்கல் கால்பங்கு மிச்சமாகும். உள்ளே நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட் இழுவிசையைத் தாங்குவதில்லை, கம்பியே தாங்குகிறது என்பதால், கம்பிகளுக்கு இடையே பழைய ஓடுகளை வைத்து அந்த அளவு கான்கிரீட்டைக் குறைத்தார். இல்லத்துக்கான பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பனவாக இருக்க வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்து அவரை வழிநடத்தியது.

அந்த ஐந்து மைலைக் கரிசலில் அப்படியே பின்பற்ற இயலாது என்பதையும் சொல்ல வேண்டும். கரிசல்மண் ஈரம் பட்டால் ஊதும். காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். பருத்திக்குத் தாயான அந்த மண் சுவருக்குப் பகை. அதன்மேல் எழுப்பும் கட்டடத்துக்கு அடித்தளமே தனிக்கவனம் கேட்கிறது. எனவே, மண்ணால் கட்டுவோம் என்ற முழக்கம் எல்லா ஊருக்கும் பொருந்தாது. ஆனால், சுவரைவிடக் கூரைக்கே இங்குக் காப்பு மிகுதியாகத் தேவை என்பதால் அது பெரிய தடையும் ஆகாது.

ஏற்கெனவே தளம் போட்டாகிவிட்டது. இனி என்ன செய்வது? முதல் வேலை மலிவானது: வெள்ளை. புதிதாகப் பூசிய சுண்ணாம்பு, விழும் வெயிலில் முக்கால் பங்கு வரை திருப்பி அனுப்பிவிடும். கூரை வாங்காத வெப்பத்தைக் கடத்தவும் வேண்டாம், சேமிக்கவும் வேண்டாம். குறை என்னவென்றால், மழை அதைக் கரைக்கும். செம்புழுதி அதை மங்கச் செய்யும். ஆண்டுதோறும் மாசி முடிவதற்குள் மீண்டும் பூச வேண்டும். ஓலை மாற்றிய கைகளுக்கு இது கடினமான வேலையன்று. ஆனால், ஒருமுறை செய்தால் போதும் என்று எண்ணுவோர் ஏமாறுவர். சற்றுக் கூடுதலாகச் செலவிட முடிந்தவர்கள் உடைந்த வெள்ளைப் பீங்கான் ஓடுகளைப் பதிக்கலாம். மிளகாய் காயப்போடவும் அது தடையாகாது.

புதிதாகத் தளம் போடுவோர் இதனினும் மேலாகச் செய்யலாம். அடர்த்தி மிக்க தெர்மாகோல் பலகை இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் தளத்துக்கும் தட்டோட்டுக்கும் இடையே இடப்பட்டால், உள்ளே வரும் வெப்பம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும். கவிழ்த்த சட்டிகளும் அவ்வழியிலேயே உதவும். இரண்டும் இயலாதவர்கள் மாடியின்மேல் ஒரு கீற்றுப் பந்தல் போட்டாலும் வெயில் தளத்தைத் தொடாது. அடியில் காற்று ஓடும். வெப்பத்தை உள்ளே வந்தபின் விரட்டுவதைவிட வெளியிலேயே நிறுத்துவது எளிது.

காப்பிட்ட வீட்டைப் பழகவும் வேண்டும். பகலில் வெளிக்காற்று அறைக்காற்றைவிடச் சூடானது. அப்போது சாளரங்களைச் சாத்தி வைக்க வேண்டும். இரவில் கரிசல் காற்று குளிரும்; அப்போது எதிரெதிர்ச் சாளரங்களைத் திறந்து சுவரும் தரையும் ஆற இடங்கொடுக்க வேண்டும். கொசுவலை அடித்த சாளரமும், திருடனுக்கு அஞ்சாமல் திறந்துவைக்க உறுதியான கம்பியும் இல்லாமல் இந்த அறிவுரையால் பயனில்லை. ஒரே ஒரு சாளரம் வைத்துக் கட்டிய வீட்டில் எந்தக் காற்றும் நுழைந்து வெளியேற வழியில்லை.

சட்டத்தின் கண்ணில் படாத வீடு

நான்காவது கேள்வியை அரசுகள் முற்றிலும் கேட்கவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. ஒன்றிய அரசின் மின்துறை 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்னும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பை வெளியிட்டது. கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியே, ஒரு டிகிரி வெப்பநிலை வேறுபாட்டுக்கு, 1.2 வாட்டுக்குமேல் வெப்பம் கடக்கக் கூடாது என்று அது வரையறுக்கிறது. காப்பில்லாத நம் கான்கிரீட் தளம் கடத்துவது இதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. நல்ல விதிதான். ஆனால், 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள மனைகளில் எழும் கட்டடங்களுக்காகவே அது எழுதப்பட்டது. அத்தகைய மனை வைத்திருப்பவர் குளிரூட்டி வாங்க வல்லவர். குளிரூட்டி வாங்க இயலாதவரின் கூரை விதிக்கு வெளியே நிற்கிறது. தெலங்கானா 2023-ஆம் ஆண்டு குளிர்கூரைகளுக்கென்றே தனிக் கொள்கை வகுத்தது. குஜராத்தின் அகமதாபாத் நகரம் 2017-ஆம் ஆண்டிலேயே குடிசைப்பகுதிக் கூரைகளில் வெள்ளை பூசிப் பார்த்தது. தமிழக அரசு 2024-ஆம் ஆண்டு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பம் பேரிடர் என்றால், அதைத் தடுக்கும் முதல் அரண் கூரை அல்லவா?

தமிழகத்தில் 2011-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பசுமை வீடுகள் திட்டம் 300 சதுர அடி வீடுகளுக்குக் கதிரவ ஆற்றலில் எரியும் விளக்குகளை வழங்கியது. இருண்ட வீடுகளில் ஒளி ஏற்றிய நல்ல முயற்சி அது. ஆனால், பசுமை என்னும் சொல்லை நாம் விளக்கோடு நிறுத்திக்கொண்டோம் என்பது என் எண்ணம். கதிரவனிடமிருந்து சில வாட் ஒளியை வாங்கிய அதே கூரை, அவனிடமிருந்து கிலோவாட் கணக்கில் வெப்பத்தையும் வாங்கிக்கொண்டிருந்தது.

செலவு பற்றிய எதிர்வாதம் வலுவானது. வரையறுத்த தொகைக்குள் வீடு கட்டும் குடும்பம் தளம் போடுவதற்குள்ளேயே கடனாளி ஆகிவிடுகிறது. அதனிடம் போய்க் காப்பு இடு என்று சொல்வது கொடுமை. ஆகவேதான் இப்பொறுப்பைக் குடும்பத்தின் தலையில் ஏற்றாமல் திட்டத்தின் மதிப்பீட்டிலேயே ஏற்ற வேண்டும் என்கிறேன். கம்பிக்கும் சிமெண்டுக்கும் மதிப்பீட்டில் இடம் இருப்பதுபோல் சட்டிக்கும் வெள்ளை ஓட்டுக்கும் ஒரு வரி இருக்கட்டும். ஒரு வீட்டுக்குச் சிறிதாகத் தோன்றும் அத்தொகை பல இலட்சம் வீடுகளுக்குப் பெரிதாகும் என்பது உண்மை. அவ்வீடுகள் ஐம்பது கோடைகளில் உண்ணும் மின்சாரத்தை அதற்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வினா கரிசலுக்கு இப்போது அவசரமானது. இ. குமாரலிங்கபுரம் என்னும் பெயர் அண்மைக்காலமாகச் செய்தித்தாள்களில் அடிபடுகிறது. விருதுநகர் மாவட்டத்தின் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காவுக்கு அவ்விடமே தெரிவு செய்யப்பட்டு, 2023-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. பரப்பு 1,052 ஏக்கர். ஆலைகள் வந்தால் தொழிலாளர் வருவர். விடுதிகளும் வாடகை வீடுகளும் வரிசை வரிசையாக எழும். இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்க வேண்டியவர்களும் அவற்றில் இருப்பார்கள். உச்சிவெயில் நேரத்தில் கூரைக்குக் கீழே கண்மூட வேண்டியவர்களுக்கு வாசலில் கட்டில் போடும் வாய்ப்பும் இல்லை.

2024-ஆம் ஆண்டு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030-க்குள் எட்டு இலட்சம் கான்கிரீட் வீடுகளைக் கட்ட எண்ணியுள்ளது. ஒரு வீட்டின் அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் போட வேண்டும். எஞ்சிய 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரையைப் பயனாளி தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். அறுபது சதுர அடி என்றால் பத்தடிக்கு ஆறடி. ஒரு கட்டில் போட்டு, பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பானையும் வைக்கப் போதும். அங்கே ஓடு வேய்ந்து, அடியில் மூங்கில்தட்டி கொடுத்து, இருபுறமும் காற்று நுழைய விட்டிருந்தால், அம்மாச்சி அந்தச் சித்திரையில் தம் கட்டிலைத் தெருவுக்கு இழுத்திருக்க மாட்டார்.